வாய் கொப்பளிக்கிற அக்கா

கெட்ட சேதி ஒன்றைச் சொல்லி முடித்த கையோடு வாய் கொப்பளிக்கப் போகிற மனுஷியை என் வாழ்நாளில் ஒருத்தரைத்தான் பார்த்திருக்கிறேன். எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம், லாரித் தண்ணீர் ஊற்றி வைக்கிற தொட்டிக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் நடுவில் ஒரு குழாய் இருக்கிறது. அதில் வருவது போர் தண்ணீர். வாயில் வைக்க முடியாத உப்பு. தரை கழுவவும் துணி அலசவும் மட்டும்தான் அதைப் பிடிப்போம். அவர் அங்கேதான் போவார். கையைக் குவித்துத் தண்ணீரை ஏந்தி, தொண்டைவரை விட்டுக் கொப்பளித்துத் துப்புவார். துப்பட்டாவால் வாயைத் துடைத்துக்கொண்டு வார்டுக்குத் திரும்பி வந்து, "ஆச்சு, அடுத்து யாரு?" என்பார்.

நான் அங்கே பிள்ளைகள் வார்டில் நர்ஸ். எனக்கு வாய் நீளம். காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு வாய் நீளமாக இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். முதல் தடவை பார்த்தபோதே கேட்டுவிட்டேன்.

"இன்னாக்கா, வாய்ல இன்னா அவ்ளோ கசப்பு?"

"எல்லாம் அடுத்தவங்க பேச்சுடி. உள்ள போய்டக் கூடாது பாரு" என்றார்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. பெயரைப் போட்டால் அவருக்குப் பிடிக்காது. வார்டில் அவரை எல்லோரும் பாஷை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். இந்தப் பக்கம், துறைமுகத்திலிருந்து எண்ணூர் வரைக்கும், கன்டெய்னர் யார்டிலும் மணலிக் கம்பெனிகளிலும் வேலை பார்க்கிறவர்களில் எத்தனையோ பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் பிள்ளைகள் இருமிக்கொண்டு எங்களிடம் வரும். டாக்டர் தமிழில் சொல்வதை அவர்கள் பாஷையில் அவர்களுக்குச் சொல்வதும், அவர்கள் சொல்வதைத் தமிழில் எங்களுக்குச் சொல்வதும்தான் அக்காவின் வேலை. பேதி, தடுப்பூசி, பால் பவுடர் பேச்செல்லாம் கொப்பளிக்கிற வரிசையில் வராது. "இனி பார்க்கறதுக்கு ஒண்ணும் இல்ல" என்கிற பேச்சு வந்தால்தான் குழாயடி.

வேலை முடிந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஏறுவோம். நான் காசிமேடு பக்கம் இறங்கிவிடுவேன், அவர் அதற்கப்புறம் வண்டி மாறி பெரம்பூர் போவார். ஜன்னல் சீட் அவருக்கு வேண்டும், அதில் விட்டுக்கொடுத்தல் கிடையாது. உட்கார்ந்ததும் கடைப் பலகைகளை வாய்விட்டுப் படிக்க ஆரம்பிப்பார். "ஸ்ரீ முருகன் ஹார்டுவேர்ஸ். இங்கு பஞ்சர் ஒட்டப்படும். பழைய பேப்பர், பழைய இரும்பு நல்ல விலைக்கு வாங்கப்படும்." முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும்.

"சின்னப் பாப்பாவா நீ? கம்முனு வாயேன்க்கா."

"இதெல்லாம் யார் குழந்தைய பத்தியும் இல்லடி" என்பார். "பஞ்சர் ஒட்டப்படும். எவ்ளோ நல்ல பேச்சு பாரு. யாரும் அழமாட்டாங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த பலகைக்குப் போய்விட்டார்.

அவரிடம் எனக்குப் பிடிக்காத குணம் ஒன்று இருந்தது. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லமாட்டார். டாக்டர் சொன்னது எதுவோ அதைச் சொல்வார். ஒரு சொல் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். ஒரு வங்காளத்து அம்மா, சிறுநீரகம் கெட்டுப்போன மகளை மடியில் வைத்துக்கொண்டு, அக்காவின் கையைப் பிடித்து என்னவோ கேட்டுக் கேட்டு அழுதாள். கேள்வி என்ன என்பது பாஷை தெரியாத எனக்கே புரிந்தது.

"நல்லாயிடும்னு சொல்லேன்க்கா. வாயில முத்தா உதிர்ந்துடும்?" என்றேன்.

"டாக்டர் அப்படிச் சொன்னாரா?"

"சொல்லலதான். அதுக்காவ?"

"அப்போ எப்படி நான் சொல்றது?"

அந்த அம்மாவின் கையை அவர் விடவும் இல்லை. அவள் அழுது ஓயும்வரை பக்கத்திலேயே நின்றார். ஆனால் வாயைத் திறக்கவில்லை. கல் மனசு என்று நான் அன்றைக்கு நினைத்தேன், அவர் காதுபடவும் சொன்னேன். அவர் குழாயடிக்குப் போய்விட்டார்.

இப்படி இருந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? டாக்டர் சொன்னதாகவே இருந்தாலும், அந்தத் தாய் தகப்பன்களின் காதில் விழுந்தது என்னவோ இவருடைய குரல்தான். ஒருமுறை திருவொற்றியூர் மார்க்கெட்டில் நாங்கள் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தோம். எதிரே ஒரு பீகார்க்காரப் பெண், இடுப்பில் கைக்குழந்தையோடு வந்தாள். அவளுடைய மூத்த பையன் எங்கள் வார்டில் இறந்துபோனவன். அக்காவைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, வந்த வழியே திரும்பிக் கிட்டத்தட்ட ஓடினாள். எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

"இன்னா பொம்பள இவ! அந்தப் புள்ளைக்காக நீ எத்தினி நாள் வூட்டுக்குக்கூடப் போவாம நின்னே!"

"உடு. என் வாயிலேர்ந்துதானே வந்துச்சு" என்று கத்திரிக்காயைத் தராசில் போட்டார்.

அன்றைக்குப் பஸ்ஸில் அவர் ஒரு பலகையையும் படிக்கவில்லை.

அவர் நேருக்கு நேர் கத்தி நான் பார்த்தது ஒரே ஒருமுறைதான். புதிதாக வந்த ஒரு பயிற்சி டாக்டர், அவசரத்தில், வார்டு வாசலில் நின்ற பத்து வயசுப் பையனைக் கூப்பிட்டு, "உங்க தங்கச்சி ரத்தத்துல கேன்சர் மாதிரி தெரியுது, உங்கப்பாகிட்ட சொல்லு" என்று சொல்லிவிட்டார். பையன் கார்ப்பரேஷன் ஸ்கூலில் படிக்கிறவன், தமிழ் தண்ணீர்பட்ட பாடு. அப்பாவுக்குத் தமிழ் வராது. பையன் டாக்டரைப் பார்க்கிறான், அப்பாவைப் பார்க்கிறான், வாயைத் திறந்து திறந்து மூடுகிறான். அக்கா எங்கிருந்து வந்தார் என்றே தெரியவில்லை. பையனைத் தோளைப் பிடித்துத் தன் பின்னால் இழுத்துவிட்டு, அந்த டாக்டர் முகத்துக்கு நேராகக் கத்தினார்.

"குழந்தை வாய்ல இத வெக்கலாமா? வெக்கலாமா நீங்க?"

பயிற்சி டாக்டர் மிரண்டுபோனார். அன்றிலிருந்து வார்டில் எழுதப்படாத சட்டம் ஒன்று வந்தது. சாப்பிட்டாளா, பால் குடித்தானா, பாத்ரூம் எங்கே, இதையெல்லாம் பிள்ளைகளைவிட்டுக் கேட்கலாம். அதற்கு மேல் ஒரு வார்த்தை என்றாலும் அக்கா வரவேண்டும்.

அன்றைக்கு எங்கள் பஸ் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. நான் கேட்கவில்லை, அவராகவே ஆரம்பித்தார். அவருடைய அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். பெரம்பூருக்கு மாற்றலாகி வருவதற்கு முன்னால் கரக்பூரில் இருந்திருக்கிறார்கள். அந்தக் குவார்ட்டர்ஸில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு விளையாடித்தான் பெங்காலி, இந்தி, ஒடியா எல்லாம் இவர் நாக்கில் ஒட்டிக்கொண்டது. அம்மாவுக்குத் தமிழைத் தவிர ஒன்றும் தெரியாது. தம்பிக்கு மூளைக்காய்ச்சல் வந்தபோது, அப்பா டியூட்டியில் இருக்க, அம்மாவும் இவருமாக ஆஸ்பத்திரியில் போய் நின்றார்கள். டாக்டர் பெங்காலிக்காரர். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகச் சொல் உங்கம்மாவிடம் என்றாராம். அப்போது அக்காவுக்கு ஒன்பது வயசு.

"நான் அம்மாகிட்ட இன்னா சொன்னேன் தெரியுமா? தம்பி நல்லாயிட்டான், வூட்டுக்குக் கூட்டிக்கினு போவச் சொல்றாருன்னேன். அம்மா அங்கியே டாக்டர் கால்ல வுழுந்து கும்புட்டாங்க. வழியில ரசகுல்லா வாங்கிக் குடுத்தாங்க எனக்கு."

லாரி வரிசை கொஞ்சம் நகர்ந்தது. பஸ்ஸும் நகர்ந்தது.

"தம்பி போனப்புறம் அம்மா என்னை ஒரு வார்த்த கேக்கல. கடைசி வரைக்கும் கேக்கல. கேட்டிருந்தா தேவல" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "சக்தி டிஜிட்டல் பேனர்ஸ். வெல்டிங் வேலை சிறந்த முறையில் செய்து தரப்படும்" என்று படிக்க ஆரம்பித்தார். நான் அவர் கைமேல் கை வைத்துக்கொண்டேன். அப்போதுதான் எனக்கு அவர்மேல் பாசம் வந்தது என்று சொல்லவேண்டும். அதுவரை மரியாதைதான் இருந்தது.

அந்தப் பாசத்தோடேயே அவரை அறைந்துவிடலாமா என்று நினைத்த நாள் ஒன்றும் வந்தது.

எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய் போகிற பக்கத்துக் கொட்டகை ஒன்றிலிருந்து ஒரு ஒடியாக் குடும்பம் வந்து சேர்ந்திருந்தது. ஒன்றரை வயசு ஆண் குழந்தை. சளி முற்றி, நுரையீரலுக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் நடுவில் சீழ் கட்டிவிட்டது. அம்மாவுக்கு ஒடியா மட்டும்தான் தெரியும். அப்பா மணலியில் ஒரு கம்பெனிக்குள் வேலையில் இருந்தார், போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிற கம்பெனி. கூட ஒரு அக்காக்காரி, ஒன்பது வயசுப் பெண், ரெட்டைப் பின்னல், ஸ்கூல் யூனிஃபார்ம். அது பேசுகிற தமிழைக் கேட்டால் காசிமேட்டுக்காரியான நானே தோற்றேன்.

"இன்னா சிஸ்டர், தம்பிக்கு மூச்சு இப்புடி வாங்கிக்கினு கீது? பேஜாரா கீதே! ஒண்ணியும் ஆவாதுல்ல?"

"ஆவாது, நீ போய் இட்லி துண்ணு" என்று நான் துரத்திவிட்டேன். இரண்டு நாளாக வார்டையே தன் கையில் வைத்திருந்தது அந்தப் பெண். அம்மாவுக்குப் பால் வாங்கி வரும், பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கு வெந்நீர் எங்கே கிடைக்கும் என்று வழி காட்டும்.

அன்று அக்காவுக்கு அரை நாள் லீவு. மதியம் கிளம்பிப் போய்விட்டார். அவர் போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் குழந்தை திணற ஆரம்பித்தது. உதடு நீலம் பாய்ந்தது. பெரிய டாக்டர் வந்து பார்த்தார். உடனே உள்ளே கொண்டுபோய் நெஞ்சில் ட்யூப் போட்டுச் சீழை எடுத்தாகவேண்டும், காத்திருக்க முடியாது என்றார். நான் குழந்தையை வாங்கக் கையை நீட்டினேன். அம்மா தரவில்லை.

முதலில் எங்களுக்குக் காரணம் புரியவில்லை. நான் மெதுவாக இழுத்தேன், அவள் இறுக்கிப் பிடித்தாள். குழந்தை அழுதது. அழுதால் மூச்சு இன்னும் கெடும், அந்த மூச்சே அதற்கு மிச்சம் இல்லை. இழுத்துப் பிடுங்குவது என்றால் பிடுங்கலாம், ஆனால் அந்த இழுபறியிலேயே உயிர் போய்விடும் என்று டாக்டருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "விடுங்க சிஸ்டர், விடுங்க" என்றார். அம்மா சுவர் ஓரமாக ஒடுங்கிக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டி ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் அக்காவுக்குப் போன் போட்டேன். தண்டையார்பேட்டையில் பஸ்ஸில் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "இறங்கிட்டேன். ஆட்டோ புடிச்சு வர்றேன்" என்றார்.

"அவங்க வர வரைக்கும் தாங்காது" என்றார் டாக்டர். அவர் மோசமான மனுஷர் இல்லை. அந்த வார்டில் அவர் காப்பாற்றிய பிள்ளைகளைக் கூட்டி நிறுத்தினால் ஒரு ஸ்கூலே நடத்தலாம். சுற்றிப் பார்த்தார். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் நின்றிருந்தது. "இந்தப் பொண்ணுக்குத்தான் ரெண்டு பாஷையும் தெரியுதே. இது சொல்லட்டும். இங்க வாம்மா, நான் சொல்றத அப்படியே அம்மாகிட்ட சொல்லு. தம்பிக்கு..."

போன் என் கையில்தான் இருந்தது. அக்காவுக்கு எல்லாம் கேட்டுவிட்டது.

"அவ வேணாம்! சிஸ்டர், டாக்டர நிறுத்தச் சொல்லு. அவ வேணாம்!" என்று போனுக்குள்ளிருந்து கத்தினார். ஹாரன் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"அக்கா, புள்ள நீலமாயிடுச்சு!" என்று நானும் கத்தினேன். "நீ ஸ்பீக்கர்ல பேசு, இப்பவே பேசு!"

"அவ அங்க இருந்தா பேசமாட்டேன். போன அவகிட்ட குடு."

அந்த நொடியில்தான் அறைந்துவிடலாமா என்று தோன்றியது. குழந்தையின் மார்பு ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழுந்துகொண்டிருந்தது. டாக்டர் என்னை முறைத்தார். ஒரு உயிர் போய்க்கொண்டிருக்கிறது, இந்தம்மா தன்னுடைய பழைய கணக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாளே என்று எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கு யோசித்தாலும் அவர் செய்தது முழுக்கச் சரியா என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் போனை அந்தப் பெண்ணிடம் நீட்டினேன்.

அக்கா என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. இந்தப் பக்கம்தான் கேட்டது.

"இன்னாக்கா... ஆங்... எந்த கேட்டு? ரோட்டாண்ட கீதே, அந்த கேட்டா? ... மஞ்சப் பெயின்ட் கோட்டத் தாண்டி ரோட்டுல போவக்கூடாதா? ... சரி, ஆட்டோவாண்ட கைகாட்டி நிறுத்தறேன். வாட்ச்மேன் உடலன்னா? ... சரிக்கா, நான் சண்ட போட்டுக்கறேன்."

அக்கா அதற்கு ஒரு வேலை கொடுத்துவிட்டார். தான் வருகிற ஆட்டோவைக் கேட்டில் நிறுத்தி, நேராக உள்ளே கூட்டிவரவேண்டும், அதை அந்தப் பெண்ணைத் தவிர வேறு யாராலும் செய்யமுடியாது என்று நம்பவைத்துவிட்டார். பெண் போனை என்னிடம் கொடுத்தது. அம்மாவை ஒருமுறை பார்த்தது. பிறகு ஓடியது. வெளிக்கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் நான் ஸ்பீக்கரைப் போட்டேன்.

"போயிட்டாளா?"

"போயிட்டா. பேசுக்கா, உனக்குப் புண்ணியமாப் போவும்."

டாக்டர் ஒரு வாக்கியம் சொன்னார். போன் அதை ஒடியாவில் சொன்னது. சீழ் கட்டியிருக்கிறது. எடுக்கவில்லை என்றால் குழந்தை பிழைக்காது. எடுத்தாலும் உறுதியாகச் சொல்லமுடியாது, ஆனால் எடுத்தால்தான் வழி உண்டு. நடுவில் ஆட்டோக்காரரின் குரலும் கேட்டது. "யக்கா, நீ பேசிக்கினே வா, நான் இட்டுக்கினு போயிடறேன். டேய் லாரி, ஓரம் போடா!" அம்மா போனையே வெறித்துப் பார்த்தாள். பிறகு மூச்சுவிடாமல் பேசினாள். அக்கா தமிழில் சொன்னார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"நேத்து பக்கத்துக் கட்டில் குழந்தைய அந்தக் கண்ணாடி ரூமுக்குள்ள எடுத்துக்கினு போனீங்க. அது திரும்பி வரல. அவங்கம்மாவ உள்ள விடல, அவங்க வெளிய நின்னாங்க. என் புள்ளைய நான் குடுக்கமாட்டேன். போறதுன்னா என் மடியில போவட்டும்."

ஆக்சிஜன் புஸ்ஸென்று போய்க்கொண்டிருந்தது. டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"ஏதாவது தைரியமா சொல்லுங்கம்மா அவங்களுக்கு. ஒண்ணும் ஆகாது, நம்பிக்கையா குடுங்கன்னு சொல்லுங்க."

"அது நீங்க சொல்றதா டாக்டர்? ஒண்ணும் ஆவாதுன்னு நீங்க சொன்னா சொல்றேன்."

டாக்டரால் அப்படிச் சொல்லமுடியாது. சொல்லித் தொலையேன் அக்கா, ஒரு பொய்தானே, உயிரைக் காப்பாற்றத்தானே என்று மனசுக்குள் கெஞ்சினேன். போனில் ஹாரன் சத்தம் மட்டும் வந்தது. அவர் காத்திருந்தார்.

டாக்டர் மண்டி போட்டு அந்த அம்மாவின் உயரத்துக்கு உட்கார்ந்தார். போனைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"பிழைப்பான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா உங்களை வெளிய நிக்க வெக்கமாட்டேன். நீங்களும் உள்ள வாங்க. நீங்களே தூக்கிக்கிட்டு வாங்க. நான் ட்யூப் போடும்போது அவன் கைய நீங்க பிடிச்சுக்கங்க. என்ன ஆனாலும் உங்க கையிலதான் இருப்பான்."

எங்கள் ஆஸ்பத்திரியில் அந்த அறைக்குள் அம்மாக்களை விடுகிற வழக்கமே கிடையாது. அக்கா அதை ஒடியாவில் சொன்னார். அம்மா டாக்டரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, குழந்தையோடு தானே எழுந்து நின்றாள். நான் ஆக்சிஜனைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

உள்ளே நடந்ததை விவரமாகச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. சீழ் கொட்டியது. அம்மா ஒரு கையால் குழந்தையின் விரலையும் இன்னொரு கையால் தன் வாயையும் பிடித்துக்கொண்டு நின்றாள், சத்தம் போடவில்லை. ஒரு கட்டத்தில் குழந்தை மூச்சையே நிறுத்திவிட்டது என்றே நினைத்தேன். அப்புறம் அந்தச் சின்ன மார்பு ஏறி இறங்கியது. குழி விழாமல் ஏறி இறங்கியது. உதட்டில் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்பியது. டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு, "எங்க அந்த பாஷைக்காரம்மா?" என்றார்.

எனக்குத் தெரியும் எங்கே என்று. டாக்டரைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போனேன். தொட்டியடியில், அதற்குள் ஆட்டோவில் வந்து இறங்கிவிட்ட அக்காவும் அந்தப் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா இன்னும் கொப்பளிக்கவில்லை. அந்தப் பெண் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சொல்லுக்கா, தம்பி இன்னா ஆனான்?"

"எனக்குத் தெரியாதுடா. தெரிஞ்சவங்க வர்ற வரைக்கும் நாம ரெண்டு பேரும் இங்கயே குந்தியிருப்போம்."

டாக்டரைப் பார்த்ததும் அக்கா எழுந்தார். டாக்டர் அவரிடம் பேச வாயெடுத்தார். அக்கா தலையை ஆட்டி, பெண்ணைக் காட்டினார்.

"இவகிட்ட சொல்லுங்க டாக்டர். யாருக்கும் எடுத்துச் சொல்றதுக்கு இல்ல. இவளுக்காகச் சொல்லுங்க. அவ தம்பி."

டாக்டர் அன்றைக்கு இரண்டாவது முறையாக மண்டி போட்டார். "சீழ் எல்லாம் வெளிய எடுத்தாச்சும்மா. உன் தம்பி இப்ப நல்லா மூச்சு விடுறான். இன்னும் கொஞ்ச நாள் இங்க வெச்சுப் பாக்கணும். ஆனா பயப்படற கட்டம் தாண்டியாச்சு."

பெண் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. "மெய்யாலுமா?" என்றது. அப்போதுதான் பின்கேட்டு வழியாக அந்த அப்பா ஓடிவந்தார். கம்பெனி உடுப்பு, கையில் ஹெல்மெட். குழந்தைக்கு மூச்சு மோசமாகிறது என்று கான்ட்ராக்டர் ஆளுக்கு நான் காலையில் சொல்லியனுப்பியது ஷிஃப்ட் முடிந்த பிறகுதான் அவர் காதுக்குப் போயிருக்கிறது. ஓடிவந்தவர் எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். தொட்டியடி, டாக்டர், நர்ஸ், நடுவில் அக்கா. அக்கா வந்து நின்றால் என்ன சேதி என்று அந்தக் கொட்டகைகளில் எல்லோருக்கும் தெரியும். அக்காவின் முகத்தை அவர் பார்த்த பார்வை மார்க்கெட்டில் நான் பார்த்த அதே பார்வை. ஒரு எட்டுக்கூட முன்னால் வைக்க மாட்டேன் என்று நின்றார். ஹெல்மெட் கையிலிருந்து நழுவி உருண்டது.

அவர் அக்காவிடம் கேட்கவில்லை. மகளைப் பார்த்து, நடுங்குகிற குரலில் ஒடியாவில் ஏதோ கேட்டார். என்ன சொல்றாங்க என்றுதான் கேட்டிருப்பார். அந்தக் குடும்பத்தில் எப்போதும் அதைக் கேட்பது அந்தப் பெண்ணிடம்தான். பெண் திரும்பி அக்காவைப் பார்த்தது. சொல்லவிடாமல் தன்னை வெளியே அனுப்பியது நினைவில் இருந்திருக்கும்.

அக்காவின் உதடு துடித்தது. அவர் அழுது நான் பார்த்ததே இல்லை, அன்றும் அழவில்லை. குனிந்து அந்தப் பெண்ணின் முதுகில் கையை வைத்து லேசாகத் தள்ளினார்.

"ஓடு. இத நீயே சொல்லு."

பெண் ஓடியது. ஓடிக்கொண்டே கத்தியது. எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, புரியவேண்டியும் இருக்கவில்லை. அந்த மனுஷன் மண்ணில் உட்கார்ந்து மகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். டாக்டர் மூக்கைச் சிந்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அக்கா குழாயைத் திறந்தார். அந்த ஒடியா அம்மாவின் பேச்சு முழுக்க இன்னும் அவர் வாயில்தான் இருந்தது. கையைக் குவித்துத் தண்ணீரை ஏந்தி வாயில் விட்டார். நான் அவர் துப்புவதற்காகத் தள்ளி நின்றேன். அவர் துப்பவில்லை. அந்த அப்பாவையும் மகளையும் பார்த்தபடியே நின்றார். பிறகு தொண்டை ஏறி இறங்கியது.

"ஐயோ அக்கா, உப்புத் தண்ணிய முழுங்கிட்டியே! கலீஜுத் தண்ணிக்கா அது!"

இன்னொரு கை ஏந்தி அதையும் குடித்தார்.

"இருக்கட்டும்டி. இது உள்ள போவட்டும்."